கழி, பாடு, கை: நெய்தல் வாசிப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரு துண்டறிக்கையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டுப் பக்கம் நடந்த ஒரு கூட்டத்துக்காக நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன், நாலு வார்த்தை சூடாக எழுதுவான் என்ற நம்பிக்கை. எழுதிக் கொடுத்தேன். ஈராயிரம் ஆண்டுகளாக நெய்தல் நிலத்தின் மக்களாகிய மீனவர்களாகிய நாம் என்று ஆரம்பித்து, படகையும் வலையையும் அலையையும் கடல்தாயையும் வரிசையாக வரவழைத்து, கடல் எங்கள் உரிமை என்று முடித்திருந்தேன். ஆயிரம் பிரதிகள் அச்சாயின. அந்த 'நாம்' என்பதை எழுதியவன் கடலிலிருந்து வெகுதொலைவில், மானாவாரிக் காட்டில் பிறந்தவன். யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து ஏரிக்கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் அந்தத் தாளைத் தன் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முழுசும் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நல்லாத்தான் கீது தம்பி. இதுல நாங்க எங்க கீறோம்?" என்றார்.

"மீனவர்னு போட்டிருக்கேனேம்மா."

"அது அவங்கள சொல்றது" என்று குப்பத்துப் பக்கம் கையைக் காட்டினார். "எங்களுக்குப் படகு ஏது, வல ஏது? நாங்க கையால தடவறவங்க."

அவர் இருளர். உப்பங்கழியில் இறங்கி, சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறவர்களில் ஒருவர். என் பிரதியில் அவருக்கு இடமில்லை என்பதை அவர் ஒரே வாசிப்பில் கண்டுகொண்டார். நான் ஐந்து வருஷம் இலக்கியம் படித்தும், பிறகு இந்த மாதிரிப் பத்திரிகைகளில் மையம், விளிம்பு, மற்றமை என்று பக்கம் பக்கமாக எழுதியும் கண்டுகொள்ளாதது அது. ஏன் கண்டுகொள்ளவில்லை என்று யோசித்ததில் எழுந்தவை இந்தக் குறிப்புகள். பாதி சுயவிமர்சனம் என்று வைத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

2

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வாய்பாடு இது: நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். இதில் கடல் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அதைச் 'சார்ந்து' நிற்கிறது. ஆனால் தொல்காப்பியர் இந்த நிலத்தை வரையறுக்கும்போது கடலைச் சொல்லவில்லை, மணலைச் சொல்கிறார். வருணனுக்குரிய மணல்வெளி. அதைவிட முக்கியம், திணைக்குப் பெயர் கொடுத்த பூ. நெய்தல் கடலில் பூப்பதில்லை. அது நீர்ப்பூ, சங்கப் பாட்டுகளில் அது திரும்பத் திரும்ப வருகிற இடம் கழி. ஆற்றுத் தண்ணீரும் ஓதமும் சந்தித்து, ஒன்றையொன்று தள்ளி, உப்பு ஏறியும் இறங்கியும் நிற்கிற ஆழமில்லாத நீர்ப்பரப்பு. அதாவது இந்தத் திணை பிறந்த வீடு கழி. கடல் அண்டைவீடு. அண்டைவீட்டுக்காரன் எப்போது வீட்டை எழுதி வாங்கினான் என்பதுதான் என் கேள்வி.

அம்மூவனார், உலோச்சனார் போன்றவர்களின் நெய்தல் பாட்டுகளை மறுபடி எடுத்துப் படித்தேன். கழி எங்கும் இருக்கிறது. கண்டல் இருக்கிறது, தாழை இருக்கிறது, நாரை இருக்கிறது, நண்டு இருக்கிறது. ஆனால் அந்தக் கழி பெரும்பாலும் எதற்காக இருக்கிறது? தலைவன் தேரில் வருகிறபோது சக்கரம் புதைவதற்காக. இரவுக்குறிக்கு வருகிறவனைச் சுறா தாக்கிவிடுமோ என்று தோழி பயப்படுவதற்காக. இறால் என்றால் அநேகமாக நாரைக்கு இரை, அல்லது தலைவி வீட்டு முற்றத்தில் காய்கிற வற்றல். பறவை ஓட்டுவது தலைவியின் வேலை, அந்தச் சாக்கில் தலைவன் வந்து நிற்பான். பிடித்துக்கொண்டு வந்த கை பாட்டுக்கு வெளியே நிற்கிறது. கழி ஒரு தடையாக, ஒரு மனநிலையாக, இரங்கலின் திரைச்சீலையாக வாசிக்கப்படுகிறது. உழைப்பின் இடமாக அல்ல.

இதைச் சங்கக் கவிகளின் குற்றமென்று சொல்ல நான் வரவில்லை. அகம் என்ற கவிதையியல் அப்படித்தான் இயங்கும். பெயர் சுட்டாமை அதன் விதி. என் புகார் வாசிப்பைப் பற்றியது. நான் எம்.ஏ.வுக்கு எழுதிய ஆய்வேடு நெய்தல் திணையில் உள்ளுறை பற்றியது. நூற்றுக்கணக்கான இடங்களில் நாரை எதன் குறியீடு, அலவன் எதன் குறியீடு என்று பட்டியல் போட்டேன். நாரை உண்ட இறாலை இன்னும் யாரெல்லாம் உண்டார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. கருப்பொருள் பட்டியலில் பரதவர், நுளையர், அளவர் என்று மூன்று பேர் வருகிறார்கள். பரதவரைப் பற்றி இரண்டு அத்தியாயம். நுளையர் ஒரு பத்தி. அளவர் (உப்பு விளைவித்தவர்கள், கழியோரத்துக்காரர்கள்) அடிக்குறிப்பு. என் வழிகாட்டி அதற்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்.

சொற்களையே பாருங்கள். இலக்கியத்தில் கழி, கானல், காயல் என்று எத்தனை சொற்கள்! இன்றைக்கு என்ன ஆயிற்று? பழவேற்காட்டில் அதை ஏரி என்கிறார்கள். முத்துப்பேட்டையில் 'லகூன்' என்று ஆங்கிலச் சொல்லையே சொல்லிப் படகில் கூட்டிப் போகிறார்கள். ஈழத்தில் களப்பு என்றும் வாவி என்றும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். நம் பத்திரிகைகளோ எல்லாவற்றையும் 'சதுப்பு நிலம்' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகின்றன. சொல் போனால் எல்லை போகும். எல்லை போனால் யாருடையது என்ற கேள்வியும் போகும். எண்ணூரில் அதுதான் நடந்தது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் இருந்த கழிவெளி, பிறகு அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் இல்லை. ஆறாயிரம் ஏக்கருக்கு மேல். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகச் செயற்பாட்டாளர்கள் அதை வெளியே கொண்டுவந்தது 2017 வாக்கில்தான். வரைபடமும் ஒரு பிரதிதானே; அதிலும் மௌனங்கள் எழுதப்படுகின்றன. நம் உரைநடையில் வெகுகாலம் முன்பே கழி அழிந்துபோயிருந்தது, வரைபடக்காரர்கள் பின்னால் வந்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். முழு மிகை இல்லை.

3

நவீன இலக்கியத்துக்கு வருவோம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இல் வந்தது. அடுத்த ஆண்டு ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க்கரையில்'. தோப்பில் முகமது மீரான் 1988-இல். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல். இவற்றுக்கெல்லாம் முன்னால், சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தகழியின் 'செம்மீன்' நமக்குக் கடற்கரையை வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தது. இவை அனைத்தையும் நான் மதிக்கிறேன். குறிப்பாகக் 'கடல்புரத்தில்' என்னைப் படிக்க வைத்த புத்தகங்களில் ஒன்று. இவற்றில் கழி இல்லை என்பது குறையே இல்லை. தென்கரை வேறு நிலம். மணற்பாடு, உவரி, அந்தப் பக்கமெல்லாம் கரையை விட்டால் நேரே ஆழி. அங்கே கட்டுமரமும் வல்லமும் லாஞ்சும் மோதுகிற கதைதான் உண்மையான கதை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்த நாவல்களை வைத்துக்கொண்டு நாம் 'நெய்தல் இலக்கியம்' என்று ஒரு வகைமை கட்டினோமே, அங்கே. கட்டியவுடன் அதற்கு ஒரு தன்னிலை தேவைப்பட்டது. ஆண், ஆழ்கடல், அலையோடு போராடுகிறவன், மரணத்தை அருகில் பார்த்தவன். கரையில் காத்திருக்கும் பெண். இந்தத் தன்னிலையே மேடைப் பேச்சுக்கும், சினிமாவுக்கும், என் துண்டறிக்கைக்கும் போய்ச் சேர்ந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்கிற ஒரு பெண்ணை இந்தக் கதையாடலுக்குள் எங்கே வைப்பது? அவளுக்கு எதிரே அலை இல்லை. சுறா இல்லை. சேறு இருக்கிறது, சிப்பி ஓடு கீறுகிறது, கெளுத்தி முள் குத்துகிறது. காவியத்துக்கு ஆகாத காயங்கள். ராஜம் கிருஷ்ணன் மட்டும் 'கரிப்பு மணிகள்' (1979) எழுதித் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் போனார். அந்த அளவர்களின் வாரிசுகளை. நெய்தல் இலக்கியம் பற்றிய கருத்தரங்குகளில் அந்த நாவல் 'தொழிலாளர் நாவல்' என்று வேறு அறைக்கு அனுப்பப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே உயிரியல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் உருவகங்களைக் கேலி செய்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, அந்த ஆழமில்லாத, வெதுவெதுப்பான, தீனி நிறைந்த நீரில் வளரும். வளர்ந்தபின் மறுபடி கடலுக்குப் போகும். கடலில் வலைவீசி அள்ளுகிற இறால், பிள்ளைப் பருவத்தைக் கழியில் கழித்தது. முகத்துவாரம் தூர்ந்தால் இரண்டு பக்கமும் பட்டினி. பழவேற்காட்டில் கோடையில் மணல் ஏறி வாய் அடைபடும். உள்ளே நீர் வற்றி உப்பு ஏறும். ஊர்க்காரர்களே கூடி வெட்டித் திறந்துவிட்ட கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி, ஆனால் பல இடங்களில் நடந்தே போகலாம். வீரநாயகன் மூழ்குவதற்குக்கூட வசதியில்லாத நீர்.

4

இனிப் 'பாடு'. இதில்தான் என் நண்பர்களோடு எனக்கு மனஸ்தாபம்.

பழவேற்காட்டுப் பட்டினவர் கிராமங்களில் பாடு என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி ஓடாது. நல்ல இடங்கள் சில. அங்கே கம்பு ஊன்றி வலை கட்டும் உரிமையைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடுகிறார்கள். எந்த இரவு, எந்த இடம், யாருடைய முறை என்பது முன்பே தீர்ந்துவிடும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு மோசமான இடம். அமாவாசை, பௌர்ணமி, ஓதத்தின் போக்கு எல்லாம் கணக்கில் உண்டு. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் 'கட்டுதெல்' என்கிற நட்டுவலைக்கு இதே போலக் குலுக்கல் முறை இருக்கிறது. அங்கே கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் அதை நடத்துகின்றன.

'பாடு' என்ற சொல்லே அழகு. மீன்பாடு என்றால் கிடைத்த மீன். பாடுபடுதல் என்றால் உழைப்பு. படாதபாடு என்றால் துன்பம். உன் பாடு, என் பாடு என்றால் அவரவர் பங்கு. உழைப்பும் வலியும் பங்கும் பிடிப்பும் ஒரே சொல்லுக்குள். (மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்பார்கள், நிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் வாவி மீன்கள் பாடுவதாக ஐதிகம். ஊருக்கு ஊர் கழியில் ஏதோ ஒரு 'பாடு' இருக்கத்தான் செய்கிறது.)

1968-இல் காரெட் ஹார்டின், பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள், ஆகவே தனியுடைமை ஆக்கு அல்லது அரசிடம் கொடு என்கிற தொனியில் எழுதினார். 1990-இல் எலினார் ஆஸ்ட்ரம் தன் புத்தகத்தில், இல்லை, உலகெங்கும் மக்கள் தங்களுக்குள் விதி வகுத்துப் பொதுவளத்தைக் காத்திருக்கிறார்கள் என்று காட்டினார். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பாடு போன்ற முறைகள் ஆய்வாளர்களின் கண்ணில் மதிப்புப் பெற்றது இந்தப் பின்னணியில். நம் செயற்பாட்டாளர்களும் அதைப் பற்றிக்கொண்டார்கள். துறைமுகத்துக்கு எதிராக நிறுத்த நம்மிடம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: முதலாளியும் அரசும் வராத காலத்திலேயே சமமாகப் பங்கிட்டு வாழ்ந்த மக்கள். 2017-இல் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தபோது எண்ணூர்க் கழி திடீரென்று எல்லோர் காதிலும் விழுந்தது. வசையாகிப் போன புறம்போக்கு என்ற சொல்லை அது எல்லோருக்கும் பொதுவானது என்று திருப்பிப் போட்டது. அந்தத் திருப்பத்தை நான் கொண்டாடினேன். இப்போதும் மறுக்கவில்லை.

ஆனால் 'எல்லோருக்கும்' என்பவர் யார்? பாட்டில் சீட்டு எடுக்கத் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் அந்தக் கிராமத்தின், அந்தச் சாதியின், மணமான ஆண். இவ்வளவுதான் சூத்திரம். பிற சாதியார், தலித்துகள், இருளர், எந்தச் சாதியிலும் பெண்கள், இவர்களுக்குச் சீட்டு இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறியபோது பாட்டுக்கு வெளியே இருந்தவர்களும் வலையோடு இறங்கினார்கள், மோதல்கள் வந்தன. சமத்துவம் உள்ளே இருக்கிறவர்களுக்குள். வட்டம் கச்சிதமாக இருப்பதற்குக் காரணம் அதற்கு வெளிச்சுவர் இருப்பது. பொதுமை என்ற சொல்லாடலுக்குள் ஊரும் சேரியும் அப்படியே இருக்கின்றன. நிலத்தில் இதைப் பார்த்தால் உடனே கத்துகிற நாம், தண்ணீரில் பார்க்கும்போது 'மரபு அறிவு' என்று குறிப்பெடுத்துக்கொள்கிறோம்.

இதைப் பாடு வைத்திருக்கிற ஒரு பெரியவரிடமே சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. வலை பின்னிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எல்லாரும் எறங்குனா ஏரி இன்னா ஆவும்? ஏரி சின்னது. எங்களுக்கே முறை வர்றதுக்கு நாளாவுது. கப்பல் கம்பெனிக்காரனும் இதத்தான் சொல்றான், உங்க ஏரியில ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் வேல தர்றேன்னு. நீயும் எல்லாரும்னு சொல்ற, அவனும் எல்லாரும்னு சொல்றான்."

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. விலக்கி வைக்கும் விதிதான் கழியைக் காப்பாற்றியும் இருக்கிறது என்பது ஒரு பாதி உண்மை. விதியை உடைக்கச் சொல்லும் என் விமர்சனத்தைத் துறைமுகக்காரன் தன் மனுவில் இணைத்துக்கொள்ளக்கூடும் என்பது இன்னொரு பாதி. ஒரு கட்டுடைப்பு யாருக்குப் பயன்படும் என்பதைக் கட்டுடைப்பவன் தீர்மானிக்க முடிவதில்லை. இதைக் கோட்பாட்டு நூல்களில் படித்திருந்தேன். வலை பின்னும் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு படித்ததில்லை.

5

அடுத்த முறை போனபோது அந்த அம்மாவோடும் அவர் கூட்டத்தோடும் கழிக்கு நடந்தேன். விடியற்காலை. தண்ணீர் இறங்கியிருந்தது. ஏழெட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள். இடுப்பளவில் இறங்கி, அப்படியே குந்தி, கழுத்து வரை நீருக்குள் போனார்கள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவுகிறது. இறால் சேற்றில் பதுங்கும். மிதித்த கால் தடத்தில்கூடப் போய் ஒடுங்கும். விரல் பட்டதும் துள்ளும், அந்தக் கணத்தில் அமுக்க வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த சின்னக் கூடை, பறி என்கிறார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள்.

ஒப்புக்கொள்கிறேன்: அந்தக் காட்சியைப் பார்த்ததும் என் மூளை நேராகக் காயத்ரி ஸ்பிவாக்கிடம் ஓடியது. விளிம்புநிலையினர் பேச முடியுமா என்று 1988-இல் அவர் கேட்ட கேள்விக்கு இதோ சித்திரம், வாயில் கூடை! கரையேறியதும் கட்டுரையை ஆரம்பித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கரையேறிய அம்மாவிடம், "வாயில பறி இருந்தா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க முடியாதே" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "தண்ணிக்குள்ள இன்னா பேச்சு? பேச்செல்லாம் கரையிலதான். போன வாட்டி உன்னாண்ட பேசல?" என்றார்.

பேசித்தான் இருந்தார். கேள்வியே அவருடையது. என் சித்திரம் அவரை மறுபடி ஊமையாக்கப் பார்த்தது என்பதுதான் நடந்தது. கோட்பாடு படித்த நமக்கு மௌனங்கள் மேல் ஒரு மோகம். கரையில் நடக்கிற பேச்சை, அது கொச்சையாக, கூலி, கடன், சாதிச் சான்றிதழ் என்று இருப்பதால், நாம் பிரதியாக எடுத்துக்கொள்வதில்லை.

சாதிச் சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது. இருளர் பட்டியல் பழங்குடியினர். ஆனால் கழியோர இருளர்கள் பலர் அந்தச் சான்றிதழுக்காக வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். பிச்சாவரம் பக்கமும் இதே கதைதான். பழங்குடி என்றால் மலையிலும் காட்டிலும் இருக்க வேண்டும் என்று எழுதப்படாத ஒரு திணைக் கோட்பாடு அதிகாரிகளின் தலைக்குள்ளும் வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குறிஞ்சிக்காரன் நெய்தலில் என்ன செய்கிறான்? திணை மயக்கம் என்று நம் இலக்கணம் அனுமதிக்கிறது. தாலுகா அலுவலகம் அனுமதிப்பதில்லை.

கழியின் ஆந்திரப் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான். அதைக் கடலிலிருந்து பிரிக்கும் நீண்ட மணல் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதளத்துக்காக 1969-இல் அதைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே கழியையும் காட்டையும் நம்பி வாழ்ந்த யானாதிகள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். ராக்கெட் மேலே போகிற ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியில் கைதட்டுகிறோம். அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் மீன்பிடிக்கத் தடை.

6

கை என்ற கருவிக்கு அரசாங்கத்தின் படிவத்தில் பத்தி இல்லை. தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது, பெயரிலேயே கடல். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடல் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம். கழியில் இறால் இல்லாத கோடைக்கு அப்படி ஒன்று கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழி கருத்துப்போனதே, அப்போது அரசு அறிவித்த நிவாரணத்தைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைப் பழுதுபார்க்கத் தலா 10,000 ரூபாய். படகில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்துக் கழுவக் கணக்கு இருந்தது. கண்டல் வேரில், சேற்றில் ஒட்டிய எண்ணெயைத் தினம் விரலால் தொட்டுத் துழாவுகிறவளின் கையைப் பழுதுபார்க்க என்ன தொகை?

இதைப் படிக்கிற தோழர்கள் சிலர், இந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்பார்கள். கேட்டும்விட்டார்கள். முதலில் துறைமுகத்தை நிறுத்துவோம், உள்விவகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வாதம். 'பிறகு' என்ற இந்தச் சொல்லைத் தேசிய இயக்கத்திடமிருந்து அம்பேத்கர் கேட்டார், பெரியார் கேட்டார், இடதுசாரிகளிடமிருந்து பெண்கள் கேட்டார்கள். கழியோரத்து இருளர் மட்டும் இன்னொரு தடவை கேட்டுப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? அதே சமயம், பாட்டுக்கார கிராமங்கள் போராட்டத்திலிருந்து விலகிப்போனால் கூட்டத்துக்கு ஆளே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். படகு மறியல் செய்யப் படகு வேண்டும். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதில் அந்தக் கிராமங்களின் எதிர்ப்புக்குப் பங்கு உண்டு. அதைச் சிறுமைப்படுத்துகிறவன் அல்ல நான்.

ஆனாலும் இரண்டாவது துண்டறிக்கையை எழுதினேன். இந்த முறை தனியாக அல்ல. அந்த அம்மாவின் பேத்தியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தார்கள். 'நெய்தல் நிலத்தின்' என்பதை அடித்து, 'ஏரியையும் கடலையும் நம்பிய' என்று போட்டோம். கடல்தாய் போனாள். ஈராயிரம் ஆண்டுகளும் போயின. அந்தக் கணக்கு யாருக்கு வேண்டும் என்றாள் அந்தப் பெண். படகு வைத்திருப்போர், வலை வைத்திருப்போர் என்பதற்குப் பிறகு 'கையால் பிடிப்போர்' என்று ஒரு சொல் சேர்ந்தது. 'ஏரியில் இறங்கும் எல்லோருக்கும் பங்கு' என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை எழுதலாமா என்று ஒரு மணி நேரம் பேசினோம். பெரியவர் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இறங்குவதற்கும் வலை கட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு, நாங்கள் அவர்கள் ஓடையில் வலை கேட்கவில்லை, கரையோரச் சேற்றில் விரட்டாமல் இருக்கத்தான் கேட்கிறோம் என்று பேத்தி சொன்னாள். "அப்ப அதயே எழுதிக்க" என்றார் அம்மா. வரியை மாற்றி அதையே எழுதினோம்.

ஐந்நூறு பிரதி அடித்தோம். இருநூறு போலக் கழியோரக் குடியிருப்புகளில் போயின. மீதியைக் குப்பங்களில் கொடுக்க நண்பர்கள் ஒப்புக்கொள்ளவில்லை; கூட்டணி உடையும் என்றார்கள். பெரியவரிடம் மட்டும் நானே ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தலைக்கட்டுங்க கூட்டத்துல வெச்சிப் பாக்கறேன், ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். கூட்டம் இன்னும் கூடவில்லை. மிச்சக் கட்டு என் அறையில், ஆய்வேட்டுப் பிரதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.